சருகு பொறுக்கும் வயது

தை கழிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது, தெருவோர வாதாம் மரங்கள் நிறம் மாறும். ஓரிரு இலைகள் மஞ்சளாகும். பிறகு ஆரஞ்சு, செம்பு, கருஞ்சிவப்பு. நாலு வயதுக் குழந்தையின் முகத்தையே மறைத்துவிடும் பெரிய இலை அது. அதைப் பார்த்துக் குனியாத குழந்தை உண்டா? “சீ, குப்பை! கீழே போடு” என்று கையைத் தட்டிவிடாமல் இருந்தாலே போதும், அறிவியல் வகுப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

இலையுதிர்காலம் என்றதும் காலண்டர் படத்து மேப்பிள் மரங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். குளிர் நாடுகளில் பகல் குறுகிக் குளிர் நெருங்கும்போது இலை உதிர்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வறண்ட மாதங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தச் செலவைக் குறைக்க இலவமும் தேக்கும் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கின்றன. மாசியும் பங்குனியும் நமக்கு இலை பொறுக்கும் மாதங்கள்.

உதிர்ப்பதற்கு முன் மரம் இலையிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது, நைட்ரஜனில் ஏறத்தாழ பாதி கிளைக்குத் திரும்புகிறது. மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகள் முன்பே இலையில் இருந்தவைதான். பச்சை விலகியதும் கண்ணுக்குத் தெரிகின்றன. சிவப்பு அப்படியல்ல. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை, விழப்போகும் இலை கடைசி நேரத்தில் புதிதாகத் தயாரிக்கிறது. எதற்காக என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் ஓயவில்லை. சத்துகளைத் திரும்ப எடுக்கும் வேலை முடியும்வரை கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் திரை என்பது ஒரு முக்கிய விளக்கம்.

இவ்வளவையும் குழந்தையிடம் ஒப்பிக்க வேண்டாம். உதிர்ந்த வாதாம் இலையின் காம்பைத் திருப்பி, அடிப்பகுதியை மட்டும் காட்டுங்கள். வழவழவென்று இருக்கும், நடுவில் சிறுசிறு புள்ளிகள் தெரியும். இலைக்கு நீரும் உணவும் போய்வந்த குழாய்களின் முனைகள் அவை. இப்போது ஒரு பச்சை இலையைப் பிய்த்துப் பாருங்கள்; காம்பின் அடி நாராகக் கிழிந்திருக்கும். காம்பு கிளையில் சேரும் இடத்தில் பிரிவதற்கென்றே ஒரு மெல்லிய செல் அடுக்கு உண்டு. எத்திலீன் என்ற தாவர ஹார்மோன் தூண்டும்போது அதன் சுவர்கள் நெகிழ்ந்து இலை தானாகக் கழன்றுகொள்கிறது. காற்று பிய்த்ததா, மரம் விட்டதா என்பதை ஐந்து வயதுக் குழந்தையே சொல்லிவிடும்.

புங்க இலைகளையும் விட்டுவிடாதீர்கள். பலவற்றில் வெள்ளைத் திட்டு இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். இலையின் இரண்டு தோல்களுக்கு நடுவே ஒரு புழு குடியிருந்து சதையைத் தின்ற இடம் அது. புள்ளிகள் அதன் எச்சம். சில இலைகளில் மருக்கள் முளைத்திருக்கும். அவை கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்களின் வேலை. முழுசான, அழகான இலைகளை மட்டும் பொறுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டை விழுந்த இலையில்தான் கதை அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் இலைகளைத் தரையில் பரப்பிவிட்டுச் சும்மா இருங்கள். குழந்தை தானே இனம் பிரிக்கும்: பெரிசு, சிறிசு, சொரசொரப்பு, வழவழப்பு, வால் உள்ளது, இல்லாதது. இப்படி வகைப்படுத்துவதில்தான் தாவரவியலே தொடங்குகிறது. மரத்தின் பெயர் பிறகு வரட்டும். மாண்டிசோரி வகுப்பறைகளில் இலை வடிவங்களைச் சட்டத்தில் பொருத்திப் பழகும் மரப்பெட்டி உண்டு. இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார்; இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். பெட்டி வாங்க வசதி இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை. தெருவில் அசலே கிடைக்கிறது.

அரச இலைகளை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் மெல்லத் தேய்த்தால் சதை கழன்று நரம்பு வலை மட்டும் மிஞ்சும். சதையை நுண்ணுயிர்கள் அழித்துவிடுகின்றன; லிக்னின் என்ற உறுதியான பொருள் நிறைந்த நரம்புகள் எளிதில் மசிவதில்லை. காய்ந்த வாதாம் இலையைக் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் போட்டு வைத்தால் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கித் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இதே இலையைத் தொட்டியில் போடுவதுண்டு.

ஒரு கவனம் தேவை. அரளி இலை விஷம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தை அதன் பக்கம் போகக் கூடாது. குவிந்து கிடக்கும் சருகுக்குள் நேரடியாகக் கைவிடாமல் குச்சியால் கிளறிப் பார்ப்பது நல்லது.

குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும், ஒரே மரத்தை வாராவாரம் பார்க்கப் பழக்கலாம். எப்போது பழுத்தது, எப்போது தளிர்த்தது, எப்போது பூத்தது என்று குறித்து வைப்பதே போதுமான வேலை. இத்தகைய குறிப்புகளை இந்தியா முழுவதிலிருந்தும் திரட்டும் ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் பெருமளவில் பங்கெடுக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தால் மரங்களின் நாட்காட்டி எப்படி நகர்கிறது என்று அறிய, ஆண்டுக்கணக்கில் தொடரும் இந்தக் குறிப்புகள் ஆய்வாளர்களுக்குத் தேவைப்படுகின்றன.