முதல் பேட்ச் அனுப்புறதுக்கு முன்னாடி

ஓப்பன் சோர்ஸுக்கு முதல் பேட்ச் எப்படி அனுப்புறது? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

எங்க ஊர் பேரையே எடுத்துக்குவோம். குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வந்தவங்களுக்குத் தெரியும். 2024 பிப்ரவரியில இஸ்ரோ ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டின பிறகு மத்தவங்களுக்கும் தெரியும். இந்தப் பேர்ல எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணினா 11. பைத்தான்ல 'லென்' போட்டுக் கேட்டா 17னு சொல்லும். யூனிகோடுல 'க' தனி, உகரக் குறி தனி. மெய்யெழுத்தோட புள்ளியும் தனிக் கணக்கு.

இதைச் சரியா எண்ணிக் கொடுக்க ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு. எழில் நிரல்மொழியை உருவாக்கின முத்து அண்ணாமலையும் இன்னும் பலரும் சேர்ந்து எழுதினது. கிட்ஹப்ல திறந்தே கிடக்கு. இந்த மாதிரி தமிழ்க் கருவிகளைப் பராமரிக்கிறவங்க பெரும்பாலும் வேலை முடிச்சு வந்து, ராத்திரி உட்கார்ந்து பார்க்கிற தன்னார்வலர்கள். நீங்க அனுப்புற கோடை நாளைக்குத் தூக்கிச் சுமக்கப் போறவங்க அவங்கதான். பேட்ச் விதிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்து வருது.

ஒரு உதாரணம். ஏதோ ஒரு தமிழ்த் தேடல் கருவியில 'கொற்கை'னு தேடுறீங்க, கிடைக்கல. ஆனா பக்கத்துல அந்த வார்த்தை கண்ணு முன்னாடியே இருக்கு. என்ன ஆச்சுன்னா, ஒகரக் குறியை 0பிசிஏன்னு ஒரே குறியீடாவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால்னு ரெண்டு குறியீடாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு வேற வேற.

முதல்ல இஷ்யூ போடுங்க. எதைத் தட்டினீங்க, என்ன வந்தது, என்ன வந்திருக்கணும். இங்க ஸ்க்ரீன்ஷாட் உதவவே உதவாது, ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியும்! அதனால குறியீட்டு எண்களையே எழுதுங்க. அதே எண்களை வச்சு ஒரு டெஸ்ட் எழுதுங்க. பழைய கோடுல அது ஃபெயில் ஆகணும், உங்க திருத்தத்துக்கு அப்புறம் பாஸ் ஆகணும். திருத்தம் பெரும்பாலும் ஒரு வரிதான்: தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் யூனிகோடு நார்மலைசேஷன். என்னைக் கேட்டா, அந்த ஒரு வரியை விட டெஸ்ட்தான் மதிப்பு.

அதோட நிறுத்திக்கணும். 'ஃபைலைத் திறந்தோமே, இன்டென்டும் சரி பண்ணிடுவோம்'னு எடிட்டர்ல ஃபார்மேட் அமுக்கினா நானூறு வரி மாறும், உங்க ஒரு வரி அதுல தொலைஞ்சிடும். ஒரு பேட்ச்னா ஒரு மாற்றம். கமிட் மெசேஜ்ல 'ஏன்' இருக்கணும். 'என்ன'ங்கிறது கோடுலயே தெரியும்.

கோடு உங்களோடதாவும் இருக்கணும். லினக்ஸ் கெர்னல்ல 2004-ல இருந்து, 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கு'ன்னு பேர் போட்டு 'சைன்டு-ஆஃப்-பை' வரி எழுதித்தான் பேட்ச் அனுப்பணும்.

2020 அக்டோபர் ஞாபகம் இருக்கா? ஹேக்டோபர்ஃபெஸ்ட் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பின புல் ரிக்வெஸ்ட் குவிஞ்சு, பராமரிப்பாளர்கள் நொந்துபோனாங்க. விரும்பிச் சேர்ற புராஜெக்டுகளுக்கு மட்டும்தான்னு நடுவுலயே விதியை மாத்த வேண்டியதாச்சு.

அனுப்பிட்டீங்க, பதில் வரலையா? கெர்னல் விதிப்படியே குறைஞ்சது ஒரு வாரம் பொறுக்கணும். தமிழ் புராஜெக்டுக்கு நான் இன்னும் ரெண்டு வாரம் சேர்த்துக்குவேன். அதுக்குள்ள உங்க ஊர் பேரை லென்ல போட்டுப் பாருங்க, எத்தனைன்னு வருதுன்னு.