அந்த 14 மாத்திரைகள்: யார் கொடுக்கலாம், எவ்வளவு நம்பலாம்?

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அதற்குள் முதலுதவிக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும் என்று ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் சேஃப்டி ஆபீசர்கள் பரபரக்கும் காலம் இது. படப்பை, மணிமங்கலம், செரப்பனஞ்சேரிப் பக்கமிருந்து வந்திருக்கும் வாசகர் கடிதங்களிலும் அந்தப் பரபரப்பு தெரிகிறது. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. நெஞ்சு அடைக்கிறது என்று ஒருவர் லைனில் உட்கார்ந்துவிட்டால், அரசு சுகாதார நிலையத்தில் தரும் 14 மாத்திரைகளை நாங்களே வைத்துக் கொடுக்கலாமா? கொடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

முதல் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லும். இரண்டாவதுதான் கவலை தருகிறது. கேட்பவர்களில் பலர் ‘நீங்கிவிடும்’ என்றே முடிவு கட்டிக்கொண்டு எழுதுகிறார்கள்.

‘இதயம் காப்போம்’ திட்டத்தை 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இந்த மாத்திரைகள் இருப்பில் இருக்கும். 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 2, 75 மில்லிகிராம் க்ளோபிடோக்ரெல் 4, 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின் 8. இந்த 14 மாத்திரைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். மருத்துவர்கள் இதை லோடிங் டோஸ் என்கிறார்கள். அரசு மேடைகளில் இதற்கு ‘உயிர்காக்கும் மருந்து’ என்று பெயர். உள்ளபடி சொன்னால், ரத்தக்குழாயில் உண்டான கட்டி மேலும் பெருக்காமல் தடுக்கும் மருந்து இது. ஏற்கெனவே அடைத்து நிற்கும் கட்டியைக் கரைக்கும் வேலையை இந்தப் பதினான்கில் ஒன்றுகூடச் செய்யாது.

ஆனால் அந்தத் தடுக்கும் வேலையை ஆஸ்பிரின் செய்யும் விதம் அபாரமானது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கூடுவதற்கு த்ராம்பாக்சேன் என்ற ரசாயனம் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதியின் மேல் ஆஸ்பிரின் ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உடம்பின் மற்ற செல்களாக இருந்தால் புதிய நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, செய்துகொள்ள வழியில்லை. மெயின்டனன்ஸ் ஷாப்பே இல்லாத ஆலையில் மெஷின் நின்றால் நின்றதுதான், அதுபோல. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அந்த நாள்கள் முழுக்க அது முடங்கியே கிடக்கும். ஆஸ்பிரின் மருந்தே சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விட்ட பிறகும் அதன் வேலை நாள்கணக்கில் நீடிப்பது இதனால்தான்.

ஆஸ்பிரின் எவ்வளவு வேகமாக வேலையைத் தொடங்கும் என்பது எப்படி விழுங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. த்ராம்பாக்சேனைப் பாதியாகக் குறைக்க, மென்று தின்ற ஆஸ்பிரினுக்கு 5 நிமிடம் போதும், முழுதாக விழுங்கினால் 12 நிமிடம் ஆகும் என்று 1999இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நம் மருந்துக் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை குடலில் போய்க் கரைவதற்கென்று மேலுறை பூசியவை. மெல்லாமல் விழுங்கினால் இன்னும் தாமதம்தான். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த அந்தச் சின்ன வட்ட மாத்திரையைக் கடைவாய்ப் பல்லில் வைத்து நொறுக்க வேண்டும். மேலுறை சிப்பிபோல் விட்டுப் போகும், புளிப்பும் கசப்பும் நாக்கில் ஏறும், அதன் பிறகு ஒரு வாய்த் தண்ணீர். முதலுதவிப் பயிற்சி வகுப்பில் எதை மறந்தாலும் இந்தப் படியை மறக்கக் கூடாது.

க்ளோபிடோக்ரெலின் கதை வேறு. கல்லீரல் மாற்றிக் கொடுத்தால்தான் அது மருந்தாகும். தினம் ஒன்றாகச் சாப்பிட்டால் முழு வேகம் பிடிக்கச் சில நாள்கள் ஆகும். நான்கையும் சேர்த்து 300 மில்லிகிராமாகக் கொடுத்தால் அது மணிக்கணக்காகக் குறைகிறது. இருந்தாலும் ஆறு மணி நேரம் வரை ஆகலாம். இந்த மாற்றத்தைச் செய்யும் கல்லீரல் நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பவர்கள் தெற்காசியர்களில் கணிசம். அவர்களுக்கு இம்மருந்து குறைவாகவே வேலை செய்யும். 300 மில்லிகிராம் அளவுக்கு ஆதாரம் தந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் 75 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த வயதினருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடுதல் என்பதால், அவர்களுக்கு இந்த அளவைக் கொடுக்கும் முடிவு மருத்துவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணிக்கையில் அதிகம் அட்டார்வாஸ்டாட்டின். எட்டு மாத்திரை, 80 மில்லிகிராம். முதல் மணி நேரத்தில் அதன் பலனுக்குத்தான் ஆதாரம் மிகக் குறைவு. பிரேசிலில் 4,191 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பத்திலேயே 80 மில்லிகிராம் கொடுத்ததால் 30 நாளில் ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. மாரடைப்புக்குப் பின் நீண்டநாள் எடுத்துக்கொள்ள அது மிக நல்ல மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரை அந்த எட்டையும் முதலில் எண்ணி விழுங்கச் சொல்லி நேரத்தைக் கடத்தினால், வரிசை தலைகீழாகிவிடும். ஆஸ்பிரின் முதலில்.

இனி ‘காப்பாற்றப்பட்ட உயிர்கள்’ கணக்குக்கு வருவோம். மாத்திரை பெற்றவர்களின் எண்ணிக்கை மேடை ஏறும்போது எளிதாகக் காப்பாற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது. 1988இல் வெளியான, 17,187 நோயாளிகளைக் கொண்ட புகழ்பெற்ற ஆய்வு என்ன சொன்னது? ஆஸ்பிரின் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 9.4 சதவீதம். பெறாதவர்களில் 11.8 சதவீதம். அதாவது 1,000 பேருக்குக் கொடுத்தால் 24 உயிர். அதுவும் ஒருமுறை கொடுத்ததோடு நிற்காமல் ஒரு மாதம் தினமும் கொடுத்ததன் பலன். சில ரூபாய் மாத்திரைக்கு 24 உயிர் என்பது பெரிய சாதனை, அதை உள்ளபடியே சொல்லலாம். 1,000 என்று சொல்வதால்தான் ‘மாத்திரை போட்டாச்சு, இனிமேல் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம்’ என்ற நினைப்பு சி ஷிப்ட் தொழிலாளிக்கு வருகிறது.

அந்த நினைப்பு ஆளைக் கொல்லும். அடைப்பைத் திறக்க இரண்டே வழி: கட்டியைக் கரைக்கும் ஊசி, அல்லது ஆன்ஜியோபிளாஸ்டி. ஊசி வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரி, 108 ஆம்புலன்ஸ், ஆன்ஜியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி மூன்றையும் கோத்து, ஈ.சி.ஜி.யை முன்கூட்டியே அனுப்பிச் செயல்பட்ட ஏற்பாட்டை 2,420 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவின்படி ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். அங்கே வேலை செய்தது வேகமும் ஒருங்கிணைப்பும். ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் அடைத்து நிற்கும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இந்த வேகத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு சங்கடமும் உண்டு. துணை சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. நெஞ்சைக் கிழிப்பதுபோல முதுகுக்குப் பரவும் வலி மகாதமனிக் கிழிசலாக இருக்கலாம். வாய் கோணி, கை விழுந்தவருக்கு மூளையில் ரத்தக்கசிவு இருக்கலாம். கறுப்பாக மலம் போகிறவருக்கு வயிற்றுப் புண் கசிந்துகொண்டிருக்கலாம். இவர்கள் கையில் இதே பதினான்கைக் கொடுத்தால் கேடுதான். 108இல் வரும் மருத்துவ உதவியாளர் கட்டுப்பாட்டு மையத்திலுள்ள மருத்துவரிடம் போனில் கேட்டுத்தான் மருந்து கொடுக்கிறார். அந்தப் பாதுகாப்பு நம் ஆலை முதலுதவியாளருக்கும் வேண்டும்: முதலில் 108, பிறகு அவர்கள் சொன்னால் மாத்திரை.

ஆகவே முதல் கேள்விக்கு: முதலுதவிப் பெட்டியில் இவற்றை வைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 45ஆம் பிரிவு, பெட்டியில் விதித்த பொருள்களைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டாலும், டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத மருந்துக்கான விதி அப்படியேதான் இருக்கிறது. ஆலையின் ஹெல்த் சென்டரில், கம்பெனி டாக்டர் எழுதிக் கையெழுத்திட்ட உத்தரவோடு, நர்ஸ் பொறுப்பில் வைப்பதே முறை.

கொடுத்தவர் செய்ய வேண்டிய ஒரு வேலையை யாருமே கேட்கவில்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி நோயாளியோடு அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் இன்னொரு லோடிங் டோஸ் கொடுப்பார்கள், ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சார்பிட்ரேட் நாக்கடியில் வைக்கலாமா? ரத்த அழுத்தம் பார்க்காமல் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபில், 48 மணி நேரத்துக்குள் டாடலாஃபில் போட்டவருக்கு அறவே கூடாது.

ஆஸ்பிரின் இல்லை, பாராசிட்டமால் போதுமா? போதாது, அது தட்டணுவை முடக்காது. ஐப்யூப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே கெடுத்துவிடும்.

கேஸ் மருந்து குடித்ததும் வலி விட்டது, வீட்டுக்குப் போகலாமா? ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான்.

ஆக்சிஜன் எல்லாருக்கும் வைக்கலாமா? அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும்.

மயங்கியவர் வாயில் போடலாமா? மாத்திரை, தண்ணீர் எதுவும் கூடாது. மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

பழைய ஆஸ்பிரின் பயன்படுமா? டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் மாத்திரை வெயிலிலும் ஈரத்திலும் சிதைந்துவிட்டது. தேதி மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.