தைப்பது தாராவி, பெயர் வேறொருவருக்கு!

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் நுழைந்தால் மாடிக்கு மாடி தையல் இயந்திரச் சத்தம். சேட் துணியைக் கொண்டுவந்து போடுகிறார். கழுத்தில் வைத்துத் தைக்க வேண்டிய லேபிளையும் அவரே எண்ணிக் கொடுத்துவிடுகிறார். தைத்து, காஜா எடுத்து, பித்தான் வைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு கார்கானாக்காரரின் வேலை முடிந்தது. பீசுக்கு இவ்வளவு என்று கூலி. அதே சட்டை கடைக் கண்ணாடிக்குள் போய்த் தொங்கும்போது அதன் விலையே வேறு.

இந்த லேபிள் வியாபாரம் இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் கம்பெனி 1928-லேயே 'செயின்ட் மைக்கேல்' என்ற பெயரைப் பதிவு செய்து, பிறர் தயாரித்த சரக்கை அந்தப் பெயரில் விற்றது. நம் நாட்டில் 1998-ல் துணி வியாபாரத்தில் இறங்கிய டாட்டாவின் டிரென்ட் நிறுவனமும் வெஸ்ட்சைட், ஜூடியோ கடைகளில் சொந்த லேபிள்களையே முக்கியமாக விற்கிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விற்காமல் தேங்கும் சரக்கின் நஷ்டமும் கடைக்காரர் தலையில்தானே விழுகிறது! ஆனால் இருபது வருடம் தைத்த பிறகும் தைத்தவருக்கு என்று ஒரு பெயர் இல்லை என்பதுதான் சங்கடம்.

திருப்பூர் காட்டிய வழி

திருப்பூரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1978-ல் இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்பவர் பம்பாய் ஏற்றுமதி வியாபாரிகள் மூலமாக வெள்ளை டி-சர்ட் வாங்க அங்கே போனார். பின்னலாடை ஏற்றுமதி சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். பம்பாய்த் தரகைத் தவிர்த்து நேராக அனுப்பத் திருப்பூர்க்காரர்கள் விரைவிலேயே கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் லேபிள் மட்டும் வெளிநாட்டுக்காரருடையதாகவே நீடித்தது.

அதே ஊரில் 1983-ல் கே.ஆர். நாகராஜன் ராம்ராஜ் நிறுவனத்தைத் தொடங்கினார். தந்தை ராமசாமியின் பெயரில் பாதி, தம் பெயரில் பாதி. வேட்டி நெய்தவர்கள் நெசவாளர்கள். வேட்டிக்குப் பெயர் வைத்து ஊர் ஊராக விற்றது அவர். அதுவரை ஜவுளிக்கடையில் 'ஒரு எட்டு முழம் கொடுங்கள்' என்று கேட்ட ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வேட்டிக்குச் சைஸ் கிடையாது. நாலு முழம், எட்டு முழம், அவ்வளவுதான். சட்டை அப்படியல்ல. 38, 40, 42, 44 என்று எல்லாச் சைசும் வைத்தால்தான் கடைக்காரர் வாங்குவார். 40-ம் 42-ம் போய்விடும். ஓரத்துச் சைசுகள் மூட்டையில் கிடக்கும். 300 ரூபாய் அடக்கத்தில் 200 சட்டை தைத்தால் 60,000 ரூபாய் முடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 சட்டை விற்காவிட்டால் 15,000 ரூபாய் போயிற்று. போதாக்குறைக்குக் கடைக்காரர் கடன் கேட்பார். கூலி வேலையில் துணி சேட்டுடையது; சொந்த லேபிளில் மங்கள்தாஸ் மார்க்கெட் துணிக்கடை பாக்கியும் கார்கானாக்காரர் கணக்கில்தான் ஏறும்.

ஆகவே, கூலி வேலையை விட்டுவிட்டுக் குதிப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஜாப் வேலையை வைத்துக்கொண்டே நைட்டி, உள்பாவாடை போன்று சைஸ் தொல்லை குறைந்த ஒரே ஒரு சரக்கில் தொடங்குவது நல்லது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களே முதல் வாடிக்கையாளர்கள் ஆகலாம்.

ஆண்டாப் ஹில் ஆபீஸ்

பெயரைப் பதிவு செய்ய டெல்லிக்குப் போக வேண்டாம். மும்பையின் டிரேட் மார்க் பதிவு அலுவலகம் தாராவிக்கு அருகே ஆண்டாப் ஹில்லிலேயே இருக்கிறது. ஆயத்த ஆடைக்கு 25-ம் வகுப்பு. இணையவழியில் மனுச் செய்தால் தனி நபருக்கும் சிறு தொழில் நிறுவனத்துக்கும் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதே பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். லேபிள் அச்சடிப்பதற்கு முன்பே இதைச் செய்வது உத்தமம். 'சுத்தமான காட்டன்' என்று சரக்கின் குணத்தையே பெயராக வைத்தால் பதிவு கிடைப்பது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. பெரிய கம்பெனி வேலையில் மிஞ்சிய சட்டைகளை அந்தக் கம்பெனி லேபிளோடு தெருவில் தள்ளிவிடும் ஆசை சிலருக்கு வருவதுண்டு. அனுமதியில்லாமல் பிறர் சின்னத்தைப் பயன்படுத்துவது 1999-ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 50,000 ரூபாய் அபராதம். போலீஸ் வந்தால் சேட் வரமாட்டார். கார்கானாக்காரர்தான் போக வேண்டும்.

முகவரி விஷயத்திலும் கவனம் தேவை. தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனதிலிருந்து எந்தக் கார்கானா எங்கே போகும் என்ற பேச்சு ஓயவில்லை. மனுவில் ஆட்சேபணை எழுப்பி அலுவலகம் அறிக்கை அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தவறினால் மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். இடம் மாறுகிறவர்கள் புது முகவரியையும் மின்னஞ்சலையும் உடனே ஆண்டாப் ஹில் ஆபீசில் பதிந்துவிட வேண்டும்.