சீசனோட முதல் ஸ்ப்ரிண்ட்: என் கால் எங்க போச்சு?

ஸ்ப்ரிண்ட் ட்ரையத்லான்னா 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரத்துல பாதி. 'பாதிதானே'ன்னுதான் சீசனோட முதல் ரேஸுக்குப் போனேன்.

கடலுக்கு அடியில நீச்சல் குளம் மாதிரி கோடு கிடையாது. அப்பப்போ தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்கலைன்னா கோணலா போயிடுவோம். போனேன். கரையேறின அவசரத்துல ஹெல்மெட் பட்டையை மாட்டாமலே சைக்கிளை எடுத்தேன், விதிப்படி தப்பு. நடுவர் நிறுத்தினார்.

நிஜமான அடி ஓட்டத்துலதான். சைக்கிளை விட்டு இறங்கினதும், முதல் கிலோமீட்டர் முழுக்க கால் என்னோடது மாதிரியே இல்ல. மிதிச்சுக்கிட்டே இருந்த தசை உடனே ஓட்டத்துக்கு மாறாது. அதுக்குத்தான் 'பிரிக்' பயிற்சி: சைக்கிள் முடிச்ச கையோட ஓடிப் பழகுறது. நான் நாலு மாசமா மூணையும் தனித்தனியாத்தான் பண்ணினேன். (சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியும்: யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ், இன்டக்ரேஷன் டெஸ்ட் எழுதவே இல்ல.)

அடுத்த ரேஸுக்கு ஆறு வாரம் இருக்கு. இனி ஞாயிறுதோறும் பிரிக்.