கொழுந்துக் கணக்கும் கணினியும்

நமுனுகுல மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போரின் சம்பளம் செக்ரோல் கணக்கைப் பொறுத்தது. இம்மாதம், கைக்காசு நாள்களை விடுத்து, பேர் விழுந்த நாள்களில் மட்டும் ஒருவர் எடுத்த கிலோ எவ்வளவு? ஏட்டில் இதைப் பிரித்துக் கூட்டக் கணக்கப்பிள்ளை இரவு விழிக்கவேண்டும்.

எக்செலின் 2007ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த ‘சம்இஃப்ஸ்’ என்னும் சூத்திரம் இதனை நொடியிற் செய்யும். முதலில் கூட்டவேண்டிய கிலோ நிரல். பின்னர் ஆள் நிரலும் அவர் அடையாளமும், நாள்வகை நிரலும் ‘பேர்’ என்ற சொல்லும், இணையிணையாக. எல்லா நிபந்தனைகளும் பொருந்திய வரிகளே கூட்டப்படும்.

ஆயினும் பெயரை அடையாளமாகக் கொள்ளலாகாது. ஒரே பெயருடைய இருவரின் கொழுந்து ஒருவர் கணக்கிற் சேரும். எழுத்தொன்று பிழைத்தால் அன்றைய கொழுந்து ஓசையின்றி விடுபடும். சூத்திரமோ பிழையென்று சொல்லாது! செக்ரோல் இலக்கத்தையே இடுக. எல்லோருடைய விடைகளையும் கூட்டி, பேர் நாள்களின் மொத்த நிறையோடு ஒப்பிட்டால், விடுபட்ட கிலோ வெளிப்பட்டுவிடும்.