குடிநீருக்கு விலை தர மனமுண்டா?

தூய குடிநீருக்கு ஊர்ப்புற மக்கள் பணம் தருவார்களா? 'ஏழைகள், தர இயலாது' என்பர் ஒரு சாரார். 'இலவசத்திற்குப் பழகியவர்கள், தர மாட்டார்கள்' என்பர் மறுசாரார். இரண்டுமே மக்களைக் கேளாமல் சொல்லப்படும் விடைகள். மக்களையே கேட்டறிந்த ஆய்வொன்று கேரளத்தில் நடைபெற்றது. அது காட்டும் உண்மையை இங்குக் காண்போம்.

கேரளம் மழைவளம் மிக்க மாநிலமாயினும், உப்புநீர் ஊறும் கடலோரங்களும் கோடையில் கிணறு வற்றும் பகுதிகளும் அங்குண்டு. உலக வங்கியின் ஆதரவுடன் அத்தகைய ஊர்களில் வீடுவீடாகச் சென்று வினவினர். 'இணைப்புச் செலவு இவ்வளவு, மாதக் கட்டணம் இவ்வளவு எனில் வீட்டுக் குழாய் பெறுவீர்களா?' எனத் தொகையை மாற்றி மாற்றிக் கேட்பதே முறை. முடிவுகள் 1993இல் வெளிவந்தன.

மாதக் கட்டணம் கூடினாலும் தர முன்வந்த குடும்பங்கள் பல. அவர்களைத் தடுத்தது, இணைப்புக்காகத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கட்டவேண்டிய பெருந்தொகையே. அதனால் இணைப்புகள் குறைந்தன, வருவாய் சுருங்கியது, பராமரிப்புக் குன்றியது, குழாயில் நீர் வருவது உறுதியற்றதாயிற்று. உறுதியற்ற நீருக்கு எவர் பணம் தருவர்? ஒன்றை ஒன்று கீழே இழுக்கும் இச்சுழலை உடைக்க, இணைப்புச் செலவை மாதத் தவணைகளாக்கலாம் என அவ்வாய்வு வழி காட்டியது.

பின்னர் 2000ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் தொடங்கப்பெற்ற 'ஜலநிதி'த் திட்டத்தில், பயனாளிக் குழுக்கள் கட்டுமானச் செலவில் ஒரு பங்கையும் இயக்கப் பராமரிப்புச் செலவையும் ஏற்றன. தம் பொறுப்பில் நீர் வரும் என்ற உறுதி பிறந்தால் மக்கள் பங்களிப்பர் என்பதற்கு இது சான்றாகும்.

பொதுக் குழாய் நீரும் உண்மையில் இலவசமன்று. நடந்த தொலைவு, காத்திருந்த நேரம், மாசுநீர் தந்த நோய் ஆகியவை எக்கணக்கிலும் ஏறாத விலைகள். அவ்விலையைப் பெரும்பாலும் செலுத்துபவர் பெண்களே. ஆயின், தர விருப்பம் வேறு. தரும் வலிமை வேறு. தூய குடிநீர் மனித உரிமை என 2010இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றுள்ளது. ஆதலின், இயலாதோர் வீட்டிற்கும் குழாய் செல்லுமாறு கட்டணம் அமைதல் வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின்வழி ஊர்களுக்குக் கணக்கெடுக்கச் செல்லும் நம் மாணவர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டுகிறோம்: திண்ணையில் அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவரிடம் கேட்பதோடு நில்லாது, குடம் சுமந்து வரும் பெண்ணிடமும் கேளுங்கள். நீரின் விலையை நன்கறிந்தவர் அவரே.