பத்து வருஷக் கொடுமையும் ஒரு கணக் கோபமும்

இங்கிலாந்தில் வசித்த ஒரு பஞ்சாபிப் பெண், வீட்டை விட்டுப் போய்விட்ட தம் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் திரும்பி வந்தால் இனிமேல் பால் கலக்காத காபியைத் தொடமாட்டேன், பச்சை மிளகாய் தின்னமாட்டேன், வாரந்தோறும் கடைத்தெருவுக்குப் போகமாட்டேன், தலைமயிருக்குச் சாயம் பூசமாட்டேன், அண்டை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் சிரிக்கவும் மாட்டேன் என்று சத்தியங்களை அடுக்கிக்கொண்டே போகிறது அக்கடிதம். அதே பெண், 1989ஆம் வருஷம் மே மாதத்து இரவொன்றில், பணம் கேட்டு மிரட்டி, துணி தேய்க்கும் பெட்டியைக் காட்டி முகத்தைச் சுட்டுவிடுவதாகப் பயமுறுத்திய கணவர் உறங்கப்போன பின், தூக்கம் வராமல் படுக்கையில் கிடந்து, இரண்டரை மணி சுமாருக்கு எழுந்து, அவர் படுக்கையில் பெட்ரோலை ஊற்றித் தீ வைத்தார். வீடு பற்றியெரிகையில் மகனை அணைத்தபடி ஜன்னலருகே நின்ற அவரை வெளியே வரும்படி அக்கம்பக்கத்தார் கூவியபோது, கணவருக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கணவர் சில தினங்களில் இறந்துபோனார். கிரண்ஜித் அலுவாலியா என்ற அப்பெண் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார்.

இவ்வழக்கைக் கேள்விப்படுகிறவர்களில் பெரும்பாலோர், இவ்வளவு துன்பத்தையும் அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை, ஏன் விலகிப் போகவில்லை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர் சொல்லாமல் இருக்கவில்லை. விவாகமாகி இரண்டு வருஷம் ஆனபின், 1981 அக்டோபரில், தொலைபேசிக் கருவியால் தலையில் மூன்று நான்கு முறை அடிபட்டுத் தரையில் தள்ளப்பட்டவர் என்று அவருடைய குடும்ப வைத்தியர் குறித்து வைத்தார். 1983இல், கர்ப்பமாக இருந்தபோது கணவர் பிடித்துத் தள்ளியதும் அவ்வாறே ஏடேறியது. அவ்வருஷத்திலும், கழுத்தைப் பிடித்துக் கத்தியைக் காட்டிய சம்பவத்துக்குப் பிறகு 1986இலும், கணவர் தம்மைத் தாக்கலாகாது என்ற தடையுத்தரவை அவர் நீதிமன்றத்தில் பெற்றார். இருமுறை தற்கொலைக்கு முயன்றார். ஆகவே வைத்தியர், வக்கீல், நீதிபதி என்று கற்றறிந்தவர் பலருடைய கண்ணெதிரே அப்பெண்ணின் வாழ்வு பத்து வருஷம் சிதைந்துகொண்டிருந்தது. அவரவர் தொழில் விதித்த அளவுக்கு அவரவர் கடமையைச் செய்தார்கள். காயம் கட்டப்பட்டது, குறிப்பு எழுதப்பட்டது, உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஆனால் தனித்தனிக் காயங்களாகவே பார்க்கப் பழகிய அக்கண்களில், காயங்களை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டு ஓடிய வாழ்க்கை படவில்லை. போலீஸாரின் மனோபாவமும் அக்காலத்தில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியையும் வெளியில் நடக்கும் குற்றத்தைப்போலவே கருதவேண்டும் என்று பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகம் போலீஸாருக்குச் சுற்றறிக்கை அனுப்பியது 1990இல்தான்.

விசாரணையின்போதோ நிலைமை இன்னும் வருந்தத்தக்கதாக இருந்தது. கிரண்ஜித் கூண்டேறிச் சாட்சியம் சொல்லவில்லை. அவர் சார்பில் வைத்திய சாட்சியமும் வைக்கப்படவில்லை. சில நாள் முன்னரே பெட்ரோல் வாங்கி வைத்திருந்ததும், கணவர் உறங்கும்வரை பொறுத்திருந்ததும் முன்யோசனைக்கு அடையாளங்கள் ஆயின. ஆத்திரமூட்டப்பட்டுச் செய்த செயல் என்ற வாதமோ, 1949இல் டஃபி என்ற பெண்ணின் வழக்கில் நீதிபதி டெவ்லின் வகுத்த இலக்கணத்தில் முட்டி நின்றது. தன்னடக்கம் திடீரென்றும் தற்காலிகமாகவும் தவறிப்போயிருக்கவேண்டும். நெடுங்காலக் கொடுமை எவ்வளவு கொடியதாயினும் அதுவே ஆத்திரமூட்டல் ஆகாது. அவமதிப்புக்கும் கொலைக்கும் இடையே பொழுது செல்லச் செல்ல அது பழிவாங்கலை ஒத்துவிடுகிறது என்பது அதன் சாரம்.

யாருடைய கோபத்தைப் பார்த்து இந்த அளவுகோலைச் செய்தார்கள் என்பதே என் கேள்வி. உடல்வலிமை உடையவனுக்குத்தான் கோபம் வந்த கணத்திலேயே கை நீட்ட முடியும். அடிவாங்கிப் பழகியவள் அந்தக் கணத்தில் கையை ஓங்கினால் அவள் பிராணன் போய்விடும். அவளுடைய கோபம் அச்சத்தோடு கலந்து, நீறு பூத்த நெருப்பாகக் கிடந்து, அவன் கண்ணயர்ந்த பின்னரே வெளிப்பட வழியுண்டு. ஒருவனுக்குச் சலுகை தருகிற அவசரமும், மற்றொருத்தியைக் கொலையாளி ஆக்குகிற தாமதமும் அவரவர் சரீர பலத்தின் விளைவுகளே அல்லாமல், அவரவர் சித்தத்தின் தூய்மையையோ துஷ்டத்தனத்தையோ காட்டுவன அல்ல. இது சட்டநூல் படித்தவர்களுக்குத் தோன்றாமல் போனதற்கு அறிவுக்குறை காரணமன்று. அந்நூல்களை எழுதினோரும் ஓதினோரும் தீர்ப்பளித்தோரும் அநேகமாக ஆண்களாகவே இருந்தார்கள்.

1991 ஜூலையில் நடந்த இரண்டு காரியங்கள் இங்கிலாந்தையே கொதிக்கச் செய்தன. குடிகாரக் கணவனைக் கத்தியால் குத்திக் கொன்ற சாரா தார்ன்டன் என்பவருடைய மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இரண்டே நாளில், குடிப்பழக்கமுள்ள மனைவியை உதைத்தே கொன்ற ஒருவருக்கு, அவளோடு வாழ்வது ஒரு மகானுடைய பொறுமையையும் சோதித்திருக்கும் என்ற கருத்துரையோடு, சிறைக்குப் போகவேண்டாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையை வேறொரு நீதிபதி வழங்கினார். சாரா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்.

கிரண்ஜித்தின் வழக்கைப் பிரக்ஞா படேல் முதலியோர் நடத்திவந்த ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பு எடுத்துக்கொண்டது. தொழில் முறையில் பட்டம் பெற்றவர்கள் கேளாத கேள்விகளை இவர்கள் கேட்டார்கள். சிறைக்குச் சென்று அவருடைய மொழியிலேயே பேசி, கதையை ஆதியிலிருந்து சொல்லக் கேட்டார்கள். 1992 ஜூலையில் தலைமை நீதிபதி டெய்லர் முன்னிலையில் மேல்முறையீடு வந்தபோது, செயலின் கணத்தில் தன்னடக்கம் தவறியிருந்தால் இடைப்பட்ட தாமதம் மட்டுமே வாதத்தைக் கெடுத்துவிடாது என்று நீதிமன்றம் சற்றே இறங்கி வந்தது. ஆயினும் அந்த வழியில் விடுதலை தரவில்லை. கிரண்ஜித் கடும் மனச்சோர்வில் இருந்தார் என்று ஒரு மனநோய் வைத்தியர் முதல் விசாரணைக்கு முன்பே எழுதிய அறிக்கை பயன்படுத்தப்படாமலே கிடந்தது தெரியவந்தபடியால், தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை அரசுத் தரப்பு ஏற்றுக்கொள்ள, ஏற்கெனவே சிறையில் கழித்த மூன்று வருஷம் நான்கு மாதமே தண்டனையாக விதிக்கப்பட்டு, அவர் வீடு திரும்பினார்.

விடுதலை கிடைத்ததில் மகிழாதார் இல்லை. எனினும் அது வந்த வாசல் எது என்பதை நினைக்கையில் என் மனம் அமைதி கொள்வதில்லை. பச்சை மிளகாயையும் சிரிப்பையும் விட்டுவிடுவதாக எழுதிய பெண்ணின் செயலை அவள் அநுபவித்த கொடுமையைக் கொண்டு விளங்கிக்கொள்ள முடியாத நீதி, அவளை நோயாளி என்று சொன்ன பிறகே இரங்கியது.

இதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே, 1990இல், கனடாவின் உச்ச நீதிமன்றம் வேறு பாதையைக் காட்டியிருந்தது. தன்னை அடித்துவந்த துணைவன், நீ என்னைக் கொல்லாவிட்டால் நான் உன்னைக் கொல்வேன் என்று துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டுத் திரும்புகையில், லாவல்லி என்ற பெண் அவனைப் பின்புறமிருந்து சுட்டாள். அந்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பெர்த்தா வில்சன், அடி விழத் தொடங்கும்வரை அவள் காத்திருக்கவேண்டும் என்பது தவணை முறையில் சாகச் சொல்வதற்கு ஒப்பாகும் என்ற கருத்தை ஏற்று, அவளுடைய செயலைத் தற்காப்பாகவே பரிசீலித்தார். அடிபடுகிறவள் ஏன் தங்கினாள் என்பதைச் சாமானிய அறிவால் தெளிய முடியாது, நிபுணர் விளக்கவேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் அம்சம். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்குத் துணைநின்றது. ஆனால் நிபுணரின் சொல்லும் ஓர் அச்சாகிவிடும் அபாயம் உண்டு. அழுது அடங்கி ஒடுங்கினவளே உண்மையாக அடிபட்டவள் என்று கருதப் பழகிவிட்டால், எதிர்த்துப் பேசினவள், குடித்தவள், சாரா தார்ன்டனைப் போல் சுபாவத்தில் துடுக்கானவள், மறுபடியும் நீதியின் வாசலுக்கு வெளியே நிற்பாள்.

இங்கிலாந்தில் 2009இல் இயற்றிய சட்டம், தன்னடக்க இழப்பு திடீரென்று இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, கடுந்தாக்குதல் பற்றிய அச்சத்தையும் காரணமாக ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலோ, 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் மெக்காலேயின் வழியில் வந்த ‘கடுமையானதும் திடீரென்றதுமான ஆத்திரமூட்டல்’, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 101ஆம் பிரிவிலும் அப்படியே குடியேறியிருக்கிறது. கணவனின் கொடுமை பொறாமல் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், நீடித்த ஆத்திரமூட்டலையும் கொலைக் குற்றத்துக்கான அந்த விதிவிலக்கில் சேர்த்துக் காணலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1989இலேயே சொல்லியிருக்கிறது. நல்லதங்காள் கதையைக் கேட்டு வளர்ந்த பூமியிலிருந்து எழுந்த நியாயம் அது.

அந்த நியாயம் ஒரு பெண்ணுக்குப் பயன்பட வேண்டுமானால், நம்முடைய அரசு ஆஸ்பத்திரிகளின் விபத்துப் பதிவேட்டில், ‘தெரிந்த நபர் ஒருவரால் கையால் தாக்கப்பட்டதாக’ என்று கணவனைப் பெயரற்றவன் ஆக்கும் அந்த வழக்கமான வாசகத்துக்குக் கீழே, யார், எத்தனையாவது முறை, எதைக்கொண்டு என்று டாக்டர் இரண்டு வரி கூடுதலாக எழுதவேண்டும். புருஷன் பெண்டாட்டி விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பியனுப்பும் போலீஸ் அதிகாரி, அவளுக்குள்ள உரிமைகளையும் இலவசச் சட்ட உதவியையும் அவளிடம் எடுத்துச் சொல்வது 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தமக்கு இட்ட கடமை என்று அறியவேண்டும். பின்னொரு நாள் அவள் கைதியாகச் சிறையில் இருந்தால், அவளைப் பார்க்க வரும் வக்கீல், அந்த இரவில் நடந்ததை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடாமல், தாலி கட்டின நாள் முதற்கொண்டு நடந்ததைச் சொல்லச் சொல்லி, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் போலீஸ் மனு ரசீதுகளையும் தேடிப் பிடித்து, செஷன்ஸ் நீதிபதியின் முன் வைக்கவேண்டும்.